அரிய கோழி இனத்தை ஒரே அச்சில் கொண்டுவருவது எப்படி?

அரிய பழைய இனக் கோழி ஒன்று கைக்கு வந்ததும் புதியவர்கள் செய்கிற முதல் வேலை, கிடைக்கிற முட்டையையெல்லாம் அடைவைத்து எண்ணிக்கையைக் கூட்டுவது. ஒரு வருடத்தில் பட்டி நிறைந்துவிடும். நிறைந்த பட்டிக்குள் நின்று பார்த்தால் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. ஒன்றுக்குக் கால் மஞ்சள், இன்னொன்றுக்குச் சாம்பல். கோழிகள் பெருகியிருக்கும், இனம் அப்படியே கலைந்து கிடக்கும்.

ஒரே சீராக வேண்டுமென்றால் நிறையக் கழிக்க வேண்டும். ஆனால் அரிய இனத்தில் அளவுக்கு மீறிக் கழித்தால் ரத்தம் குறுகி, அதாவது நெருங்கிய உறவுகளே ஒன்றோடொன்று சேர்ந்து, நான்கைந்து தலைமுறையில் முட்டை பொரிப்பதே குறைந்துபோகும். இந்த இரண்டுக்கும் நடுவில் நடப்பதுதான் இந்த வேலை. தனிக் கோழிகளைக் கழிப்பதில் கறாராக இருங்கள், குடும்பங்களைக் கழிப்பதில் கஞ்சத்தனமாக இருங்கள். கீழே வருவதெல்லாம் இதை எப்படிச் செய்வது என்பதுதான்.

இலக்கணத்தைக் கையில் எடுங்கள்

ஒவ்வொரு இனத்துக்கும் ஸ்டாண்டர்ட் என்று சொல்லப்படும் இன இலக்கணம் இருக்கிறது. பிரிட்டனில் இப்படிப்பட்ட முதல் தொகுப்பு 1865-இல் வந்தது. அமெரிக்கக் கோழியியல் சங்கம் தன்னுடையதை 1874-இல் வெளியிட்டது. உங்கள் இனத்துக்கு எழுதிவைத்த இலக்கணம் இருந்தால் அதைப் பிரதி எடுத்துப் பட்டியிலேயே மாட்டிவையுங்கள். இல்லாவிட்டால், அந்த இனத்தை நீண்டகாலம் வளர்த்தவர்களிடம் கேட்டு, பழைய படங்களைப் பார்த்து, ஒரு பக்கத்துக்கு நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்: சேவல் எடை, பெட்டை எடை, கொண்டை வகை, செவிமடல் நிறம், கால் நிறம், விரல் எண்ணிக்கை, முதுகின் சாய்வு, வாலின் கோணம், முட்டையின் நிறம்.

எழுதாமல் மனதில் வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? பட்டியில் இருக்கிற நல்ல சேவலே கொஞ்ச நாளில் இலக்கணமாகிவிடும். அதன் குறைகூட அழகாகத் தெரிய ஆரம்பிக்கும்.

இலக்கணத்தை வாசிக்கும்போது, அது கேட்கும் சில குணங்கள் ஒருபோதும் முழுமையாக நிலைக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அண்டலூசியன் கோழியின் நீல நிறம் அப்படிப்பட்டது. நீலத்தோடு நீலத்தைச் சேர்த்தால் குஞ்சுகளில் சுமார் பாதிதான் நீலம். கால் பங்கு கறுப்பு, கால் பங்கு ஸ்பிளாஷ் எனப்படும் தெறிப்பு வெள்ளை. கறுப்பையும் ஸ்பிளாஷையும் சேர்த்தால்தான் எல்லாமே நீலமாக வரும். ஆகவே கறுப்புக் குஞ்சைப் பார்த்துக் கலப்பு என்று பதறிக் கழிப்பவர் நல்ல தாய்க்கோழியைத்தான் இழக்கிறார். அரௌகானா இனத்தின் காதோர இறகுக் குஞ்சம் இன்னும் கடுமை. குஞ்சம் உள்ள சேவலையும் குஞ்சம் உள்ள பெட்டையையும் சேர்த்தால் சுமார் கால் பங்கு கரு முட்டைக்குள்ளேயே இறந்துபோகும்; அதனால் ஒரு பக்கம் குஞ்சம் இல்லாததைச் சேர்ப்பார்கள். உங்கள் இனத்தில் இப்படி எதுவும் உண்டா என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

ஒரு சேவலோடு தொடங்காதீர்கள்

பன்னிரண்டு கோழிகளுக்குத்தான் இடம் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக எல்லாரும் வைப்பது 1 சேவல், 11 பெட்டை. இதையே 3 சேவல், 9 பெட்டை என்று வைத்துப் பாருங்கள். கணக்கு எளிது: சேவல் எண்ணிக்கையைப் பெட்டை எண்ணிக்கையால் பெருக்கி, அதை 4-ஆல் பெருக்கி, மொத்தத் தலைகளால் வகுக்க வேண்டும். முதல் பட்டிக்கு 3.7-க்குக் கொஞ்சம் குறைவாக வரும், இரண்டாவதற்கு 9. அதாவது 11 பெட்டைகள் இருந்தாலும் வம்சக் கணக்கில் அந்தப் பட்டி நாலு கோழிக்குக்கூடச் சமமில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் ரத்த நெருக்கம் ஏறும் வேகம் முதல் பட்டியில் சுமார் 14 சதவீதம், இரண்டாவதில் சுமார் 6 சதவீதம். தீவனச் செலவு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இந்த மூன்று சேவல்களைச் சுற்றி மூன்று குடும்பங்களை அமைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வெவ்வேறு ஆட்களிடமிருந்து வாங்கிய கோழிகளை வெவ்வேறு குடும்பத்தில் வையுங்கள். சிவப்பு, பச்சை, வெள்ளை என்று கால் வளைய நிறத்தையே குடும்பப் பெயராக வைத்துக்கொள்வது வசதி. விதி இரண்டே இரண்டு. குஞ்சு எப்போதும் தாயின் குடும்பத்தைச் சேர்ந்தது. பெட்டைக் குஞ்சு வளர்ந்ததும் அந்தக் குடும்பத்திலேயே இருக்கும், சேவல் குஞ்சு அடுத்த குடும்பத்துக்குப் போகும். சிவப்பில் பிறந்த சேவல் பச்சைக்கு, பச்சையில் பிறந்தது வெள்ளைக்கு, வெள்ளையில் பிறந்தது சிவப்புக்கு. ஒவ்வொரு வருடமும் இதே திசைதான். 'இந்த வருடம் சிவப்புச் சேவல் சிவப்பிலேயே அருமையாக அமையும்போல இருக்கிறதே' என்று ஆசை வரும். வேண்டாம். இந்த ஏற்பாட்டில் கூடப்பிறந்தவை ஒன்றோடொன்று சேர வழியே இல்லை. வெளியிலிருந்து ஒரு கோழியும் வாங்காமல் பல வருடம் ஓட்டலாம்.

எந்தக் குஞ்சு யாருடையது?

பதிவு இல்லாத இனவிருத்தி வெறும் கோழி வளர்ப்பு. இதை எழுதும்போது கொஞ்சம் கறாராகத்தான் தோன்றுகிறது, இருந்தாலும் மாற்றப்போவதில்லை.

பெட்டையின் உடலில் விந்து இரண்டு மூன்று வாரம் உயிரோடு தங்கும். எனவே பொதுப் பட்டியிலிருந்து பெட்டைகளைப் பிரித்து, நீங்கள் தேர்ந்தெடுத்த சேவலோடு அடைத்த மறுநாளே முட்டை சேர்த்தால் அப்பன் யார் என்று சொல்ல முடியாது. பழைய சேவல்களிடமிருந்து பிரித்து மூன்று வாரம் கழிந்த பிறகே அடைமுட்டை எடுங்கள். நாலு வாரம் பொறுத்தால் சந்தேகத்துக்கே இடமில்லை.

முட்டை எடுத்ததும் கூரான முனைக்கு அருகில் பென்சிலால் குடும்ப எழுத்தும் தேதியும் எழுதுங்கள். மிகப் பெரியது, உருண்டை, ஓடு மெலிந்தது, ஓட்டில் மேடு விழுந்தது இவற்றை விலக்குங்கள். குளிர்ந்த அறையில் கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்கி, ஒரு வாரத்துக்குள் அடைவைத்துவிடுங்கள். பத்து நாளைத் தாண்டினால் பொரிப்பு நன்றாகவே குறையும். விசிறி வைத்த இன்குபேட்டரில் வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸ். 18-ஆம் நாள் முட்டை திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தைக் கூட்டி, ஒவ்வொரு குடும்பத்து முட்டையையும் தனித்தனி வலைக்கூடையில் மூடிவையுங்கள். 21-ஆம் நாள் குஞ்சுகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் அந்த வருடத்து உழைப்பு முழுவதும் போச்சு.

கூடையிலிருந்து எடுத்த உடனே அடையாளம். பிறந்த குஞ்சின் காலை விரித்துப் பிடித்தால் விரல்களுக்கு நடுவே மெல்லிய ஜவ்வு தெரியும். ஒரு காலுக்கு இரண்டு, ஆக நாலு இடம். இதற்கென்று உள்ள சிறு துளைக்கருவியால் எந்த எந்த இடத்தில் துளையிடுகிறோம் என்பதை வைத்து, துளையே இல்லாததையும் சேர்த்து, 16 குறியீடுகள் கிடைக்கும். துளையிடும்போது வெட்டுப்பட்ட துணுக்கு முழுவதும் விழுந்துவிட்டதா என்று பாருங்கள். ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் நாலு நாளில் துளை மூடிக்கொள்ளும், அடையாளமும் போய்விடும். பெரிதானதும் எண் போட்ட கால் வளையம் மாட்டிக்கொள்ளலாம்.

நோட்டில் பெரிதாக எதுவும் வேண்டாம். வளைய எண், குடும்பம், தகப்பன், தெரிந்தால் தாய், பிறந்த தேதி, 8 வார எடை, 16 வார எடை, கண்ணில் பட்ட குறை, அப்புறம் அது என்ன ஆனது. கழித்த கோழிக்கும் ஒரு வரி வேண்டும். குறை எந்தக் குடும்பத்தில் ஓடுகிறது என்று சொல்வது கழித்தவற்றின் கணக்குதான்.

கையால் பார்ப்பது

குடும்பத்துக்கு சுமார் 30 குஞ்சு பொரித்தால் தேர்ந்தெடுக்க இடம் இருக்கும். அதில் 15 சேவல் என்றால் இனவிருத்திக்கென்று நிறுத்த வேண்டியது ஒன்று, மாற்றுக்கு இன்னொன்று. 15 பெட்டையில் நாலைந்து. இடம் குறைவாக இருந்தால் மூன்று குடும்பத்திலும் சமமாகக் குறையுங்கள்; ஒரு குடும்பத்தை விட்டுவிட்டு மற்ற இரண்டில் நிறையப் பொரிக்காதீர்கள்.

பார்க்கும் வரிசை முக்கியம். முதலில் உயிர்ச்சக்தி. பொரிக்கும்போது உதவி கேட்டது, அடிக்கடி சளி பிடித்தது, தீவனத்தட்டில் பின்தங்கியது இவையெல்லாம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். இரண்டாவது உடல்வாகு. மூன்றாவது தலை, கொண்டை, கால், வால் என்று இனத்தைக் காட்டும் குறிகள். நிறம் கடைசி.

நிறம் ஏன் கடைசி என்றால், அது பெரும்பாலும் சில மரபணுக்களின் வேலை. இரண்டு மூன்று தலைமுறையில் திருத்திவிடலாம். உடலின் அளவும் வாகும் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் சேர்ந்து செய்வது. தொலைத்துவிட்டால் திரும்பக் கொண்டுவர வருடக்கணக்கில் ஆகும். ஆனால் படத்தில் தெரிவது நிறம்தான் என்பதால் எல்லாரும் அதிலிருந்தே தொடங்குகிறார்கள். கடைசியில் அழகான சட்டை போட்ட நோஞ்சான் சேவல்தான் மிஞ்சும்.

8 வாரத்தில் தராசு. கூடப்பிறந்தவற்றோடு ஒப்பிட்டு மிக மெலிந்ததையும், கண்ணுக்குத் தெரியும் ஊனம் உள்ளதையும் பிரியுங்கள். இந்த வயதில் கொண்டை, நிறம் பற்றி முடிவெடுக்க வேண்டாம். 16 வாரத்தில் கையால் பாருங்கள்.

கோழியின் மார்பை இடது உள்ளங்கையில் தாங்கி, கால்கள் விரல்களுக்கு நடுவே வரும்படி பிடித்துக்கொள்ளுங்கள். தலை உங்கள் பக்கம் இருக்கட்டும். வலது கையைத் தோளில் வைத்து முதுகு வழியாக வால் அடி வரை மெதுவாக இழுங்கள். அகலம் தோளிலிருந்து பின்பக்கம் வரை சட்டென்று குறுகாமல் வர வேண்டும்; நடுவில் கூனல் தட்டக் கூடாது. பிறகு கீழே நெஞ்செலும்பை ஒரு விரலால் நீளவாக்கில் தடவுங்கள். நேராக, நீளமாக இருக்கிறதா, நடுவில் வளைந்து நெளிகிறதா என்று விரல் சொல்லிவிடும். அதன் இரு பக்கமும் சதை நிரம்பியிருக்க வேண்டும், கத்தி முனை போலக் குத்தக் கூடாது. கண்களுக்கு மேலே மண்டையின் அகலத்தைப் பாருங்கள். பழைய வளர்ப்பாளர்கள் பலர் அகன்ற மண்டையையும் அகன்ற உடலையும் சேர்த்தே தேடுவார்கள். முட்டையிடும் பெட்டையாக இருந்தால் கழிவாய்க்குக் கீழே இருக்கும் இரண்டு இடுப்பெலும்பு முனைகளுக்கு நடுவே எத்தனை விரல் நுழைகிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று விரல் தாராளமாக நுழைந்தால் அது முட்டையில் இருக்கிறது. ஒன்றுகூட நுழையாவிட்டால் இடுவதே இல்லை.

இதை ஒரே நாளில் பத்துப் பதினைந்து கோழிக்குச் செய்து பாருங்கள். முதல் கோழியில் ஒன்றும் புரியாது. கடைசியில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கைக்குத் தெரிந்துவிடும்.

நிறமும் கொண்டையும் முதிர்ந்த இறகு வந்த பிறகே. மெதுவாக வளரும் பழைய இனங்களில் சேவல் முழு உருவத்துக்கு வர ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். சந்தேகமானதை இன்னும் கொஞ்ச நாள் வைத்துப் பாருங்கள்.

முட்டை எண்ணிக்கை வேறு கதை. அது பெட்டையைப் பார்த்துச் சொல்லிவிடக்கூடிய குணமல்ல, ஒரு கோழியின் கணக்கை வைத்து அதன் மகளையும் சொல்ல முடியாது. அக்கா தங்கை எல்லாம் நன்றாக இடுகிறதா என்று குடும்பமாகப் பாருங்கள். நன்றாக இட்ட தாயின் மகனைச் சேவலாக நிறுத்துங்கள்.

குறை ரத்தத்திலா, வளர்ப்பிலா?

கழிக்கக் கை நீட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. வளைந்த விரல் பரம்பரையாகவும் வரும், தீவனத்தில் ரிபோஃபிளேவின் என்ற பி2 வைட்டமின் குறைந்தாலும் வரும், வழுக்கும் தரையில் வளர்ந்தாலும் வரும். நெஞ்செலும்பு வளைவு ரத்தத்திலும் இருக்கலாம், இளம் வயதில் ஒல்லியான கம்பில் உட்கார்ந்ததாலும் ஆகலாம். பிரித்தறிய நோட்டைத் திறவுங்கள். மூன்று குடும்பத்திலும் பரவலாக இருந்தால் தீவனத்தையும் இன்குபேட்டரையும் சோதியுங்கள். ஒரே குடும்பத்தில், அதுவும் ஒரே சேவலின் குஞ்சுகளில் திரும்பத் திரும்ப வந்தால் அது ரத்தம். இனச்சேவல்களுக்கும் பெட்டைகளுக்கும் சாதாரண முட்டைக்கோழித் தீவனம் போதாது. முட்டை சேர்ப்பதற்கு ஒரு மாதம் முன்பே இனவிருத்திக் கோழிகளுக்கான தீவனத்துக்கு மாற்றிவிட்டால் இந்தக் குழப்பத்தில் பாதி வராது.

கத்தரிக்கோல் போலக் குறுக்கே போகும் அலகு, ஒரு பக்கமாகவே சாய்ந்த வால் இரண்டுக்கும் இரக்கம் வேண்டாம். மற்ற குறைகளில் ஒரு வருடத்துக்கு இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு குறையை ஒரே வருடத்தில் திருத்தப் போனால் நிறுத்துவதற்குக் கோழியே மிஞ்சாது.

ஜோடி சேர்க்கும்போது ஒரே குறை உள்ள இரண்டைச் சேர்க்கக் கூடாது. இது எல்லாருக்கும் தெரியும். பலர் தவறவிடுவது அடுத்தது: முதுகு மிக நீண்ட பெட்டைக்கு முதுகு மிகக் குறுகிய சேவலைச் சேர்த்தால் நடுவாந்தரம் வரும் என்று எண்ணுவது. முதல் தலைமுறையில் அப்படித் தோன்றலாம். அடுத்ததில் நீளமும் குட்டையும் கலந்து சிதறும். நீண்ட முதுகுக்குச் சரியான அளவு முதுகுள்ள சேவல்தான் மருந்து.

மறைந்திருக்கும் குறைக்கு ஒரு சோதனை உண்டு. தட்டையாக, அகலமாக, மேலே சிறு முண்டுகளோடு இருப்பது ரோஜாக் கொண்டை; ஒரே வரிசையில் ரம்பம் போல நிமிர்ந்து நிற்பது ஒற்றைக் கொண்டை. ரோஜாக் கொண்டை இனத்தில் அவ்வப்போது ஒற்றைக் கொண்டைக் குஞ்சு பிறக்கும். ரோஜாக் கொண்டை ஓங்கு குணம், அதாவது தாய் தகப்பனில் ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே வெளியே தெரிந்துவிடும் என்பதால் எந்தச் சேவல் ஒற்றைக் கொண்டையை ஒளித்துவைத்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. அந்தச் சேவலை ஒற்றைக் கொண்டைப் பெட்டையோடு சேர்த்துப் பாருங்கள். ஒளித்துவைத்திருந்தால் குஞ்சுகளில் பாதி ஒற்றைக் கொண்டையாக வர வேண்டும். 7 குஞ்சும் ரோஜாக் கொண்டையாகவே வந்தால், சேவல் சுத்தம் என்று 99 சதவீதத்துக்கு மேல் நம்பலாம். ஆனால் இங்கே ஒரு சிக்கல். இரண்டு பக்கமும் ரோஜாக் கொண்டை பெற்ற சேவல்களுக்குக் கருவேற்றும் திறன் குறைவு. வயண்டாட் இனத்தில் எத்தனை கழித்தாலும் ஒற்றைக் கொண்டை தலைகாட்டிக்கொண்டே இருப்பதற்கு இதுதான் காரணம். ஆக, அந்த ஒற்றைக் கொண்டைக் குஞ்சைக் கழியுங்கள். அதைப் பெற்ற சேவலைக் கழிக்க அவசரப்படாதீர்கள்.

வெளி ரத்தம் எப்போது?

புது ரத்தம் விடுவது புதியவர்களின் முதல் யோசனை. என் கணக்கில் அது கடைசி யோசனை. நாலு வருடம் உழைத்துச் சேர்த்த சீர் ஒரே சேவலில் கலைந்துவிடும். பொரிப்பு தொடர்ந்து இரண்டு பருவம் குறைந்தால், ஓட்டுக்குள்ளேயே இறந்த குஞ்சுகள் கூடினால், தீவனமும் இன்குபேட்டரும் சரியாக இருந்தும் குஞ்சுகள் சோர்ந்தால், அப்போது யோசியுங்கள்.

அப்போதும் மூன்று குடும்பத்திலும் ஒரேயடியாகக் கலக்காதீர்கள். அதே இனத்தில், வேறொருவர் வெகுகாலமாகத் தனியே காத்துவந்த வரிசையிலிருந்து ஒரு சேவலை வாங்கி, ஒரு மாதம் தனியே அடைத்து நோய் இல்லை என்று பார்த்தபின், இரண்டு மூன்று பெட்டைகளோடு தனிக் கூண்டில் விடுங்கள். குஞ்சுகள் நன்றாக வந்தால் பெட்டைகளை மட்டும் நிறுத்தி, உங்கள் சேவலோடு சேருங்கள். அவற்றின் மகள்களை மறுபடி உங்கள் சேவலோடு. இப்படி முதலில் பாதி, பிறகு முக்கால், பிறகு எட்டில் ஏழு என்று உங்கள் ரத்தம் ஏறும். திருப்தி வந்த பிறகு அந்தப் பெட்டைகளை ஒரு குடும்பத்துக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் அந்தக் கூண்டை மட்டும் கலைத்தால் போதும், மற்றதெல்லாம் தொடாமல் இருக்கும்.

கழித்தவற்றை என்ன செய்வது? இறைச்சிக்கோ, வெறும் முட்டைக்கு வளர்ப்பவர்களுக்கோ போகட்டும். 'இனச்சேவல்' என்ற பெயரில் மட்டும் விற்காதீர்கள்; நீங்கள் கழித்த குறை இரண்டு வருடத்தில் புது ரத்தமாக உங்களிடமே திரும்பி வரும்.

மூன்றாவது வருடத்திலிருந்து, நம்பிக்கையான இன்னொருவரிடம் ஒரு பங்கைக் கொடுத்துவையுங்கள். ஒரு நோய் வந்தால் ஒரே பட்டியில் இருக்கும் இனம் ஒரே வாரத்தில் போய்விடும். கொடுக்கும்போது மூன்று குடும்பத்திலிருந்தும் இரண்டு இரண்டு பெட்டையும் ஒரு சேவலும் கொடுங்கள். கழித்தவற்றைக் கொடுக்காதீர்கள், நிறுத்தியவற்றின் கூடப்பிறந்தவற்றைக் கொடுங்கள். கால் வளையத்தைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லி, நோட்டின் நகலையும் கையில் கொடுத்தனுப்புங்கள்.